குடைக்காரரை மட்டும் ஏன் கூண்டில் ஏற்றுகிறோம்?

மியூனிக் என்றதும் குடையும் கையுமாக நிற்கும் சேம்பர்லினை நினைத்து நகைப்பது வாசகர்களிடையே வழக்கமாகிவிட்டது. ஒரு முதியவரின் கோழைத்தனமே இரண்டாம் உலகப்போரை விளைவித்தது என்னும் விளக்கம் வரலாறன்று, வசதியான கட்டுக்கதை.

1938 செப்டம்பரில் செக்கோஸ்லோவாக்கியாவைப் பேச்சுக்கே அழைக்காமல் அதன் நிலத்தைத் தாரைவார்த்தது மன்னிக்கத்தக்கதன்று. அப்பழியிலிருந்து சேம்பர்லினை விடுவிப்பது என் நோக்கமும் அன்று. ஆனால் மியூனிக்குக்குப் பாதை போட்டவர்கள் பலர்.

1925இல் லொகார்னோவில் பிரிட்டனும் இத்தாலியும் ஜெர்மனியின் மேற்கெல்லைக்கு உத்தரவாதம் தந்தன, கிழக்கெல்லைக்குத் தரவில்லை. 1934இல் போலந்து ஹிட்லரோடு தனியே ஒப்பந்தம் செய்துகொண்டது. 1935 ஏப்ரலில் ஸ்ட்ரெசாவில் பிரிட்டன், பிரான்ஸ், இத்தாலி மூன்றும் ஓரணியில் நின்றன. ஜூன் மாதமே, மற்ற இருவரையும் கலக்காமல், தன் கடற்படையில் 35 சதவீத அளவுக்கு ஜெர்மனி கட்டிக்கொள்ளலாம் என்று பிரிட்டன் கையொப்பமிட்டது. அப்போது பிரதமர் பால்ட்வின். அதே ஆண்டின் சோவியத்-செக் உடன்படிக்கையிலோ, பிரான்ஸ் முதலில் உதவினாலொழிய சோவியத் உதவி இல்லை என்பது நிபந்தனை.

மியூனிக் முடிந்த சில நாட்களில் போலந்து டெஷன் பகுதியைக் கைப்பற்றியது. நவம்பரில் தெற்கு ஸ்லோவாக்கியா ஹங்கேரிக்குப் போயிற்று. 1939 ஆகஸ்டில் மாஸ்கோவுக்குப் புறப்பட்ட பிரிட்டன்-பிரான்ஸ் இராணுவக் குழு ஆற அமரக் கப்பலில் சென்றது. பிரிட்டன் தரப்புத் தலைவர் டிராக்ஸிடம் எழுத்துமூல அதிகாரம்கூட இல்லை. செஞ்சேனை தன் மண்ணில் கால்வைக்கப் போலந்து இசையவில்லை. ஆகஸ்ட் 23இல் ஸ்டாலின் ஹிட்லரோடு கைகோத்தார். போலந்தைப் பங்கிடுவது அவ்வொப்பந்தத்தின் இரகசியப் பிரிவு.

இத்தனை பேரைக் குற்றஞ்சாட்டினால் ஹிட்லர் தப்பிவிடமாட்டாரா என்று கேட்கலாம். தப்பமாட்டார். களவு கள்வனுடையதே. நாம் விசாரிப்பது காவலர்களை. அவர்களுள் ஒவ்வொருவரும் தன் வீட்டுக் கதவை மட்டும் தாழிட்டுக்கொண்டனர்.

கட்டுக்கதையால் என்ன கேடு என்பீர்களாயின், 1956ஐப் பாருங்கள். நாசரை ஹிட்லராகக் கண்ட ஈடன், சூயஸில் படை இறக்கி அவமானப்பட்டார். 2003இல் ஈராக்கின்மீது படையெடுக்க விரும்பியோரும் மியூனிக்கையே காட்டினர். தோல்வியை ஒருவரின் கோழைத்தனமாகச் சுருக்கினால், வீரம் ஒன்றே மருந்தாகத் தோன்றும். அன்று இல்லாதது வீரமன்று. ஒருவர் வாக்கை மற்றவர் நம்பக்கூடிய கூட்டணி. அதைக் கட்டுவதற்குக் குண்டு வீசுவதைவிடப் பொறுமை அதிகம் வேண்டும்.