யானைக்கு யார் காசு கொடுப்பது?

2024 ஏப்ரலில் போட்ஸ்வானாவின் அன்றைய அதிபர் மொக்வீட்சி மசிசி ஜெர்மனிக்கு ஒரு பரிசை அறிவித்தார். 20,000 யானைகள்! விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்றும், மறுத்தால் விடமாட்டோம் என்றும் சேர்த்துக்கொண்டார். வேட்டையாடிய விலங்குகளின் தந்தம், பாடம் செய்த தலை போன்றவற்றின் இறக்குமதியை இறுக்கலாமா என்று பெர்லினில் பேச்சு எழுந்ததுதான் அவருடைய கோபத்துக்குக் காரணம்.

அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. சுமார் 25 லட்சம் பேர் வாழும் நாட்டில் 1,30,000 யானைகள் இருக்கின்றன. உலகில் வேறெந்த நாட்டிலும் இத்தனை இல்லை. கூடலூரில் இரவெல்லாம் கண்விழித்து வாழைத்தோட்டத்தைக் காக்கும் விவசாயிக்கு மசிசியின் பேச்சு உடனே புரிந்துவிடும்.

ஆனால் யானைகள் பெருகிவிட்டதால் வேட்டை தேவை என்ற வாதம் கணக்கில் நிற்காது. 2014-இல் தடை செய்யப்பட்ட வேட்டையை 2019-இல் மசிசி அரசு மீண்டும் அனுமதித்தது. ஆண்டுக்குத் தரப்படுவது சில நூறு யானைகளுக்கான உரிமங்கள்தான். நல்ல மேய்ச்சலும் தண்ணீரும் கிடைத்தால் யானைக்கூட்டம் ஆண்டுக்கு 5 சதவீதம் வரைகூடப் பெருகும். 1,30,000-க்கு அந்தக் கணக்கைப் போட்டால் 6,500 வருகிறது. சில நூறு தோட்டாக்கள் இதில் என்ன செய்துவிடும்? இது வருமானத்துக்கான விற்பனை. அப்படியே சொல்லிவிட்டுப் போகலாம்.

விற்கப்படுவது எந்த யானை என்பதும் முக்கியம். பல்லாயிரம் டாலர் கொடுத்து வருபவர் தேடுவது நீண்ட தந்தமுள்ள முதிய கொம்பனை. வயதாகிவிட்டது, இனி அதனால் காட்டுக்கு என்ன பயன் என்பது வேட்டைக்காரர்களின் பழைய சமாதானம்.

அது தவறு என்பதைத் தென்னாப்பிரிக்காவின் பிலனெஸ்பெர்க் பூங்கா காட்டியது. அங்கே முதலில் கொண்டுவரப்பட்டவை க்ரூகர் பூங்காவில் பெரிய யானைகளைச் சுட்டபோது அநாதையான குட்டிகள். அவை வளர்ந்தன. 1990-களில் அவற்றில் சில இளம் ஆண்கள் மதம்பிடித்து வெள்ளைக் காண்டாமிருகங்களைக் குத்திக் கொல்ல ஆரம்பித்தன. நாற்பதுக்கும் மேல் செத்தன. கடைசியில் க்ரூகரிலிருந்து ஆறு முதிய ஆண் யானைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். பெரியவர்கள் வந்ததும் இளசுகளின் மதம் தணிந்தது, கொலைகளும் நின்றன. வீட்டில் பெரியவர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியாததா?

அதற்காக வேட்டையை ஒரேயடியாகத் தடை செய்தால் காடு பிழைத்துவிடும் என்பதும் இல்லை. கென்யா 1977-லேயே தடை செய்துவிட்டது. அதற்குப் பிந்தைய நாற்பது ஆண்டுகளில் அங்கே பெரிய காட்டுவிலங்குகள் மூன்றில் இரண்டு பங்கு குறைந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். மேய்ச்சல் நிலங்களில் வேலி விழுந்தது, விளைநிலம் விரிந்தது, ஆடுமாடு பெருகியது. நிலத்துக்காரருக்கு வரிக்குதிரையால் பைசா வரவில்லை என்றால் அவர் ஏன் அதற்கு இடம் விடுவார்?

நமீபியா வேறு வழியில் போனது. 1996-இல் சட்டத்தைத் திருத்தி, காட்டுவிலங்குகளால் வரும் வருமானத்தில் கிராமச் சமூகங்களுக்கு உரிமை கொடுத்தது. இன்று எண்பதுக்கும் மேற்பட்ட சமூகக் காப்பகங்கள், நாட்டின் ஐந்தில் ஒரு பங்கு நிலம். சுற்றுலாவும் வேட்டையும் சேர்ந்து ஈட்டும் பணத்தில் ஊர்க்காவலர்களுக்குச் சம்பளம் போகிறது. வேட்டையாடிய விலங்கின் இறைச்சி ஊருக்கு வருகிறது. அங்கும் குறைகள் உண்டு. வறட்சிக் காலத்தில் விலங்குகள் சரிந்ததும் உண்டு. ஆனாலும் காசு யார் கைக்குப் போகிறது என்ற கேள்வியை நேராகக் கேட்ட நாடு இது.

போட்ஸ்வானா முதிய கொம்பன்களை உரிமப் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும்; ஒவ்வொரு உரிமத்திலும் ஊருக்குப் போய்ச் சேர்ந்தது எவ்வளவு என்று வெளியிட வேண்டும். ஜெர்மனி இறக்குமதியைத் தடுக்க விரும்பினால் தாராளமாகத் தடுக்கட்டும். அந்த ஊர்கள் இழக்கும் வருமானத்துக்கு ஈடான தொகையையும் அதே நாளில் அறிவிக்கட்டும்.