வெடி வச்சா விரிசல் விடத்தான் செய்யுமா?

"வெடி வச்சா விரிசல் விடத்தான் செய்யும்." ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் கல்குவாரி பற்றிப் பேச்செடுத்தால் யாராவது இப்படிச் சொல்லிவிடுகிறார்கள். சுத்தப் பொய் நண்பர்களே!

சென்னை மவுலிவாக்கத்தில் 2014-ல் ஒரு 11 மாடிக் கட்டிடம் இடிந்து 61 பேர் இறந்தார்கள். அதன் ஜோடிக் கட்டிடத்தை 2016 நவம்பர் 2-ல் வெடி வைத்தே தகர்த்தார்கள். சில நொடியில் சரிந்தது. ஊருக்குள்ளேயே கணக்காக வெடிக்க முடிகிறதே!

கல்தச்சர் வரிசையாகக் குழி போட்டு ஆப்பு அடித்தால், கோடு கிழித்த மாதிரி கல் பிளக்கும். வெடியிலும் அதே வித்தைதான். எல்லையில் நெருக்கமாகத் துளை போட்டு, கொஞ்சமாக மருந்து வைத்து முதலில் வெடித்தால், விரிசல் துளைக்குத் துளை ஓடிச் சேரும். அடுத்து வரும் பெரிய வெடியின் விரிசல் பெரும்பாலும் அந்தக் கோட்டோடு நின்றுவிடும். மருந்தை மொத்தமாக வெடிக்காமல் மில்லி செகண்ட் இடைவெளி விட்டு வெடித்தால் வீடுகளுக்கு வரும் அதிர்வும் குறையும்.

அளவும் இருக்கிறது. சுரங்கப் பாதுகாப்பு இயக்ககத்தின் 1997 சுற்றறிக்கைப்படி, அதிர்வெண்ணைப் பொறுத்து, வீடுகளுக்கு நொடிக்கு 5 முதல் 15 மி.மீ. வரைதான் அதிர்வு வரலாம். பழமைச் சின்னங்களுக்கு 2 முதல் 10.

அப்புறம் ஏன் விரிசல்? நான் பி.காம். மாணவன், எனக்குத் தெரிந்தது கணக்கு. கூடுதல் துளை, டிலே டெட்டனேட்டர், அதிர்வுமானி எல்லாம் குவாரியின் செலவுப் பக்கத்தில் வரும். சுவர் விரிசல் வராது. அது பக்கத்து வீட்டுக்காரர் தலையில்!

ஒவ்வொரு வெடிக்கும் வீட்டோரம் அதிர்வுமானி வையுங்கள். ரீடிங்கை ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டுங்கள். அளவு மீறினால் சுவரைச் சரிசெய்து கொடுங்கள். அதற்கப்புறம் பேசலாம், விரிசல் விடத்தான் செய்யுமா என்று.