படுக்கைப் புண்ணும் பழிச்சொல்லும்

சாகக் கிடப்பவரின் முதுகடியில் கருஞ்சிவப்பாக ஒரு புண் தெரிந்துவிட்டால் போதும், வீட்டில் விசாரணை தொடங்கிவிடும். "ஒழுங்கா புரட்டிப் போட்டிருந்தா இது வந்திருக்குமா?" என்று பார்க்க வந்தவர் கேட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார். இரவெல்லாம் கண்விழித்த மகளோ மருமகளோதான் அந்தப் பழியை ஆயுளுக்கும் சுமக்க வேண்டும்.

படுக்கைப் புண் என்றாலே கவனிப்பில் குறை என்பது பாதி உண்மை. ஒரே பக்கமாகக் கிடத்தினால், ஈரத்தில் விட்டுவைத்தால் புண் வரும். அப்படி வருபவற்றில் பெரும்பாலானவற்றைத் தடுத்திருக்கலாம். ஆனால், கடைசி நாட்களில் நடப்பது வேறு. இரத்த ஓட்டம் குன்றும்போது உடல் இதயத்தையும் மூளையையும் காக்கப் பார்க்கிறது; தோல் கைவிடப்படுகிறது. காலையில் நன்றாக இருந்த இடம் மாலைக்குள் கறுத்துவிடலாம். பிரெஞ்சு மருத்துவர் ஷார்கோ 19ஆம் நூற்றாண்டிலேயே இத்தகைய புண்ணைச் சாவின் முன்னறிகுறியாகக் கண்டார். அமெரிக்கச் செவிலியர் கேரன் லூ கென்னடி, முதுகடியில் பேரிக்காய் வடிவில் திடீரெனத் தோன்றும் புண்ணை 1989இல் விவரித்தார். அது அவர் பெயராலேயே அறியப்படுகிறது.

புண் என்றாலே கவனிப்பில் குறை என்ற நம்பிக்கையால் அதிகம் வதைபடுபவர் நோயாளிதான். பழிக்கு அஞ்சும் குடும்பம், "உட்கார வைங்க, பிசியோ கொடுங்க, மூக்குல டியூப் போட்டுச் சத்து ஏத்துங்க" என்று துடிக்கிறது. சாய்த்து உட்கார வைத்தால் உடல் கீழே சரிந்து, பாரம் அந்தப் புண்மேலேயே இறங்கும். முற்றிய மறதிநோயில் குழாய்வழி உணவு வேண்டாம் என்று அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 2014இல் சொன்னது. குழாய்வழி உணவு புதிய படுக்கைப் புண்கள் உருவாவதோடு தொடர்புடையது என்பதும் அச்சங்கம் காட்டிய காரணங்களில் ஒன்று.

முதலில் கேட்க வேண்டியது, இவர் மீள்வாரா என்பதே. மீள்வார் என்றால் பயிற்சியும் சத்தும் புண் சிகிச்சையும் முழுமூச்சாக நடக்கட்டும். மாட்டார் என்றால் குறிக்கோளும் மாற வேண்டும்: புரட்டுவதற்கு முன் வலி மருந்து, நாற்றத்தை அடக்கும் மருந்துக் கட்டு, அவர் உடல் தாங்கும் அளவுக்கு மட்டும் அசைவு.

கடைசி நாட்களில் வரும் புண்ணுக்குக் கவனிப்பைக் குறைசொல்ல முடியாது என்றால் அலட்சியக்காரர்கள் தப்பித்துக்கொள்வார்களே என்பார்கள். நியாயமான அச்சம். அதனால்தான் புண் எப்போது தோன்றியது, அதற்கு முன் என்ன கவனிப்பு நடந்தது என்று விசாரிக்க வேண்டும். மாதக்கணக்கில் அழுகிய புண்ணுக்கு இந்த விளக்கம் பொருந்தாது. விசாரணைக்கு முன்பே தீர்ப்புச் சொல்வதைத்தான் கண்டிக்கிறேன்.

கடைசிக் கட்டத்தில் தோலும் செயலிழக்கலாம் என்று குடும்பத்துக்கு முன்கூட்டியே சொல்வது மருத்துவரின் கடமை. அவர் வாய் திறக்காததற்கு மகள் தண்டனை அனுபவிக்கிறாள்.