இருட்டிலும் இரு சாதியா?

உலகத்தார் மின்சாரம் செலவிடும் கணக்கைச் சற்றுப் பார்ப்போம், தோழர்களே! அமெரிக்க நாட்டிலே தலைக்கு ஆண்டொன்றுக்கு 12,000 யூனிட்டுக்கு மேல். இந்தியாவிலே, 2023-24ஆம் ஆண்டுக் கணக்குப்படி, ஏறத்தாழ 1,400. எண்ணெய் ஊறும் நைஜீரியாவிலோ 200ஐக்கூட எட்டவில்லை! மண்ணுக்கடியில் செல்வம், மண்மீது வாழ்பவன் குடிசையில் இருட்டு!

நைஜீரியா வரை போவானேன்? மதுரைக்கு வாருங்கள். 1895இல் கட்டி முடித்த பெரியாற்று அணையின் தண்ணீர், மலையைக் குடைந்த வழியே வந்து, லோயர் கேம்பில் விழுந்து மின்சாரம் தந்துவிட்டுத்தான் மேலூர் வயலுக்குப் போகிறது. தெற்கே ஆரல்வாய்மொழியில் காற்றாலைகள் காடாக நிற்கின்றன. அத்தனையும் அண்டையில் இருந்தும் 2012இல் நாம் கண்டது என்ன? சென்னைக்கு நாளொன்றுக்கு 2 மணி நேர வெட்டு. மதுரைச் சீமைக்கோ 10 மணி, 12 மணி, சில நாள் அதற்கும் மேல்!

விசைத்தறித் தொழிலாளிக்கு நெய்த அளவுக்குத்தான் கூலி. தறி நின்றால் அடுப்பும் நிற்கும். நள்ளிரவில் கரண்டு வந்தால் நள்ளிரவில் எழுந்து தறிக்கு ஓடினான். உழவன் மோட்டாரைப் போடப் பாம்பு படுக்கும் வரப்பிலே நடந்தான். வசதி படைத்தோர் வீட்டில் இன்வெர்ட்டர் முனகிக்கொண்டிருந்தது.

வெட்டு தலைதூக்கியது 2008இல். இரண்டு ஆட்சிகளிலும் நீண்டது. ஆகவே இதை வைத்து மேடையில் மார்தட்டும் உரிமை எவருக்கும் இல்லை. நம் பேச்சாளர்களும் இதைக் குறித்துக்கொள்ளட்டும்!

குஜராத்திலே அப்போது மின்சாரம் மிச்சம் இருந்தது. கொண்டுவரத்தான் போதிய தடம் இல்லை! இருந்த பாதைகள் குறுகியவை. ராய்ச்சூர்–சோலாப்பூர் தடத்தின் வழியே தென்னக மின்தொடர் இந்தியத் தொடரோடு ஒத்திசைந்து இணைந்தது 2013 டிசம்பர் 31இல். அதுவரை, பக்கத்து வீட்டில் சோறு, நடுவே சுவர் என்ற கதைதான்.

பிறகு கூடங்குளத்தில் தலா 1,000 மெகாவாட் உலைகள் இரண்டு ஓடத் தொடங்கின. கமுதியில் 2016இல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் எழுந்தது. விளைச்சல் பெருகிற்று, மகிழ்ச்சி. பங்கீடு? அதைத்தான் கேட்கிறோம். இனியொரு பற்றாக்குறை வருமானால், எந்த மாவட்டத்துக்கு எத்தனை மணி நேரம் வெட்டு என்பதை வாரியம் முன்கூட்டியே நாளேடுகளில் வெளியிடட்டும். தலைநகருக்கு 2 மணி என்றால் செல்லூருக்கும் 2 மணி, மேலூருக்கும் 2 மணி. அமைச்சர்கள் குடியிருக்கும் தெருவும் அந்தப் பட்டியலில் இருக்கட்டும்!