மனக் கவலைக்கு மார்க்கு போட முடியுமா?

ரத்தச் சோதனை போல மனதுக்கும் ஒரு சோதனை

சர்க்கரை வியாதிக்காரர் ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போகிறார். ரத்தம் எடுக்கிறார்கள். எடை பார்க்கிறார்கள். கையில் பட்டையைச் சுற்றி ரத்தக் கொதிப்பைப் பார்க்கிறார்கள். எல்லாம் சீட்டில் எண்களாக ஏறுகின்றன.

கடைசியில் டாக்டர், "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்கிறார்.

"ஏதோ இருக்கிறேன், டாக்டர்."

அந்த "ஏதோ"வுக்குள் என்ன இருக்கிறது? ராத்திரி தூக்கம் இல்லாமல் விட்டத்தைப் பார்த்துக் கிடப்பது இருக்கலாம். வீட்டுக்குப் பாரமாகி விட்டோமே என்ற வேதனை இருக்கலாம். இந்த மாத்திரையை விழுங்கி என்ன ஆகப் போகிறது என்ற விரக்தி இருக்கலாம். இவற்றில் எதுவும் சீட்டில் ஏறுவதில்லை.

காய்ச்சலை அளக்கக் கருவி இருக்கிறது. கவலையை அளக்கக் கருவி உண்டா?

உண்டு. அது கண்ணாடிக் குழாய் அல்ல. ஒரு காகிதம். அதில் சில கேள்விகள். பதிலுக்குத் தக்கபடி மார்க்கு.

அந்த மார்க்கை எவ்வளவு நம்பலாம்? அதனால் நோயாளிக்கு என்ன பலன்?

டாக்டர் போட்ட மார்க்கு

1940-களில் அமெரிக்காவில் புற்று நோய்க்குப் புது மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். கட்டி கரைகிறதா என்று தெரிந்தால் மட்டும் போதுமா? நோயாளி எழுந்து நடக்கிறாரா, தன் வேலையைத் தானே செய்கிறாரா என்பதும் தெரிய வேண்டும் அல்லவா?

இதற்காக டேவிட் கர்னோவ்ஸ்கி என்ற டாக்டரும் அவருடைய சகாக்களும் ஒரு மார்க்குப் பட்டியல் தயாரித்தார்கள். நல்ல சுகத்தோடு இருந்தால் 100 மார்க்கு. பிறர் உதவி தேவைப்படத் தேவைப்பட மார்க்கு குறையும். மரணம் என்றால் 0.

இந்தப் பட்டியல் இன்றும் வழக்கத்தில் இருக்கிறது. ஆனால் இதில் ஒரு குறை. மார்க்கு போடுகிறவர் டாக்டர். வலியைச் சுமப்பவரோ நோயாளி. நடக்கிறார் என்பது வெளியே தெரியும். நடக்கும்போது மனதில் என்ன ஓடுகிறது என்பது தெரியுமா?

1948-ம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் தோன்றியது. நோய் இல்லாமல் இருப்பது மட்டும் ஆரோக்கியம் அல்ல. உடலும் மனமும் சமூக வாழ்வும் நன்றாக இருப்பதே ஆரோக்கியம் என்று அதன் சாசனம் சொல்லிற்று. அப்படியானால் மனதையும் அளந்தாக வேண்டும். அதை நோயாளியின் வாயிலிருந்தே கேட்க வேண்டும்.

14 கேள்விகள்

இங்கே ஒரு சிக்கல் வந்தது.

மனச்சோர்வு கண்டவருக்குப் பசி இருக்காது. தூக்கம் வராது. உடம்பு அசதியாக இருக்கும். புற்று நோய்க்காரருக்கும் இதே தொல்லைகள் உண்டு. இருதய நோயாளிக்கும் உண்டு. அப்படியானால் சாப்பாட்டை ஒதுக்கி வைப்பது துக்கத்தினாலா, நோயினாலா?

இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தைச் சேர்ந்த சிக்மண்ட், ஸ்நெய்த் என்ற இரண்டு டாக்டர்கள் 1983-ம் ஆண்டில் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். தலைவலி, தலைசுற்றல், தூக்கமின்மை, களைப்பு ஆகியவற்றைப் பற்றிக் கேட்பதையே விட்டு விட்டார்கள். முன்பு சந்தோஷம் தந்தவை இப்போதும் சந்தோஷம் தருகின்றனவா, சிரிக்க முடிகிறதா, காரணம் இல்லாமல் திகில் உண்டாகிறதா என்பவற்றையே கேட்டார்கள். மொத்தம் 14 கேள்விகள். அவற்றில் 7 பயத்தையும் கவலையையும் பற்றியவை. 7 மனச்சோர்வைப் பற்றியவை. ஒவ்வொரு பகுதிக்கும் 0 முதல் 21 வரை மார்க்கு. 11-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ கவனிக்க வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் மார்க்கு கூடினால் சந்தோஷம். இங்கே மார்க்கு கூடினால் சங்கடம்!

பிறகு அமெரிக்காவில் 9 கேள்விகள் கொண்ட இன்னொரு தாள் வந்தது. கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் இப்படி இருந்தது என்று அது கேட்கிறது. மொத்தம் 27 மார்க்கு. 10-ஐத் தொட்டால் டாக்டர் உட்கார்ந்து பேச வேண்டும். அதில் கடைசிக் கேள்வி, உயிரை மாய்த்துக் கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. அதற்கு "ஆம்" என்று பதில் வந்தால் மொத்த மார்க்கைப் பார்க்கக் கூடாது. அன்றைக்கே கவனிக்க வேண்டும்.

இப்படிக் கேட்டால் அந்த எண்ணம் புதிதாக வந்து விடாதா என்று பலர் பயப்படுகிறார்கள். வராது என்பதே ஆராய்ச்சியாளர்களின் முடிவு. பலருக்குச் சொல்லி விட்டோம் என்ற ஆறுதல்தான் உண்டாகிறது.

சென்னையும் பங்கு கொண்டது

லீட்ஸில் எழுதிய கேள்வி தஞ்சாவூருக்குப் பொருந்துமா? "மனச்சோர்வு உண்டா?" என்று கேட்டால் நம் பாட்டி விழிப்பாள். "நெஞ்சு பாரமாக இருக்கிறது, ஒன்றும் பிடிக்கவில்லை" என்பது அவள் பேச்சு. கேள்வி அந்தப் பேச்சில் இருந்தால்தான் பதில் சரியாக வரும்.

இதை உணர்ந்து, உலக சுகாதார நிறுவனம் 1990-களில் பல நாடுகளில் உள்ள மையங்களைச் சேர்த்து வேலை செய்தது. சென்னை அவற்றில் ஒன்று. டில்லியும் ஒன்று. வாழ்க்கை எப்படி இருக்கிறது என்பதை அளக்க 26 கேள்விகள் கொண்ட தாள் உருவாயிற்று. உடல், மனம், உறவு, சுற்றுப்புறம் என்று அதில் நான்கு பகுதிகள். கையில் காசு போதுமானதாக இருக்கிறதா, வீடு வசதியாக இருக்கிறதா, போக்குவரத்து உண்டா என்றுகூட அது கேட்கிறது. பஸ் வசதி இல்லாத ஊரில் நோயாளி படும் பாடும் நோயின் பாடுதான் அல்லவா?

கேட்டதால் பலன் உண்டா?

1993-ம் ஆண்டு கனடாவில் மாண்ட்ரீல் நகர டாக்டர்கள் ஒரு ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். மாரடைப்பு வந்து பிழைத்த 222 பேரைக் கவனித்தார்கள். மனச்சோர்வு கொண்டவர்களிடையே ஆறு மாதத்துக்குள் மரணம் மிக அதிகமாக இருந்தது.

அப்படியானால் மனதைத் தேற்றினால் ஆயுள் கூடுமா? அமெரிக்காவில் 2,481 மாரடைப்பு நோயாளிகளிடம் சோதித்தார்கள். முடிவு 2003-ம் ஆண்டில் வந்தது. மனம் ஓரளவு தேறியது. ஆயுள் கூடவில்லை.

ஆனால் 2010-ம் ஆண்டில் பாஸ்டன் நகரத்திலிருந்து வேறொரு சேதி வந்தது. முற்றிய நுரையீரல் புற்று நோய் கொண்ட 151 பேர். வழக்கமான சிகிச்சை எல்லோருக்கும் உண்டு. பாதிப் பேருக்கு வலியையும் மனதையும் பார்த்துக் கொள்ளும் தனிக் குழுவும் ஆரம்பத்திலிருந்தே உதவியது. இவர்களுக்கு மனச்சோர்வு குறைந்தது. வாழ்க்கை மேம்பட்டது. ஆயுளும் மற்றவர்களைவிட ஏறக்குறைய 3 மாதம் கூடியிருந்தது.

ஆகவே, மனதைக் கவனித்தால் ஆயுள் நிச்சயம் கூடும் என்று சொல்ல முடியாது. இருக்கும் நாட்கள் நல்ல நாட்களாக ஆகும் என்று சொல்லலாம். அது சின்ன விஷயமா?

நம் நாட்டுச் சோதனை

சர்க்கரை வியாதியோடு மனச்சோர்வும் கொண்ட 404 பேரிடம் இந்தியாவில் ஒரு சோதனை நடந்தது. சென்னை, டில்லி, பெங்களூர், விசாகப்பட்டினம் ஆகிய ஊர்களில் நடந்தது. ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை. மறு பிரிவினரைப் பயிற்சி பெற்ற ஊழியர்கள் ஒரு வருடம் அடிக்கடி விசாரித்தார்கள். மார்க்கைக் குறித்தார்கள். சர்க்கரை டாக்டரும் மனநல டாக்டரும் அந்த எண்களைப் பார்த்து யோசனை சொன்னார்கள்.

முடிவு 2020-ம் ஆண்டில் வெளியாயிற்று. மனச்சோர்வு பாதியாகக் குறைந்து, அதோடு சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, கொழுப்பு இவற்றில் ஒன்றாவது குறைந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணினார்கள். வழக்கமான சிகிச்சையில் 100-க்கு 57 பேர். விசாரிக்கப்பட்டவர்களில் 100-க்கு 72 பேர்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. காகிதம் மட்டும் குணப்படுத்தவில்லை. காகிதத்துக்குப் பின்னால் ஆள் இருந்தார். அவருக்குப் பின்னால் டாக்டர் இருந்தார்.

கேட்டு விட்டு விட்டால்?

இங்கேதான் நம் நாட்டின் கஷ்டம் இருக்கிறது. 2015-16-ல் 12 மாநிலங்களில் தேசிய மனநலக் கணக்கெடுப்பு நடந்தது. மனநோய் கொண்டவர்களில், நோய்க்குத் தக்கபடி, 100-க்கு 70 முதல் 92 பேர் வரை சிகிச்சை பெறவில்லை என்று அது சொல்லிற்று.

மார்க்கு போட்டுச் சீட்டில் எழுதி, அதைக் கோப்பில் வைத்துக் கட்டி விட்டால் யாருக்கு லாபம்? மனதைத் திறந்து காட்டிய நோயாளி, அடுத்த தடவை "ஏதோ இருக்கிறேன்" என்ற பதிலுக்கே திரும்பி விடுவார். கேள்வி கேட்கும் ஆஸ்பத்திரி, பதில் கிடைத்ததும் என்ன செய்வது என்பதை முதலில் முடிவு செய்து கொள்ள வேண்டும்.

கேட்கும் இடமும் முக்கியம். மகனும் மருமகளும் பக்கத்தில் நிற்கும்போது, "வீட்டில் நிம்மதி இருக்கிறதா?" என்று கேட்டால் தாய் என்ன சொல்வாள்? படிக்கத் தெரியாதவருக்கு நர்ஸ் படித்துக் காட்டலாம். ஆனால் தனியாகப் படித்துக் காட்ட வேண்டும்.

வீட்டில் செய்யக் கூடியது

எல்லாவற்றையும் ஆஸ்பத்திரியின் தலையில் போட வேண்டியதில்லை. நீண்ட நாள் நோயாளி உள்ள வீட்டில் இரண்டு விஷயங்களைக் கவனித்தால் போதும். இரண்டு வாரமாக முகம் வாடியே இருக்கிறதா? முன்பு ஆசையாகச் செய்ததில் இப்போது நாட்டம் இல்லையா? இரண்டில் ஒன்று இருந்தாலும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். சர்க்கரை அளவைச் சொல்வது போலவே இதையும் சொல்லலாம். வெட்கப்பட ஒன்றும் இல்லை.

மத்திய அரசு 2022-ம் ஆண்டு அக்டோபரில் "டெலி மானஸ்" என்ற தொலைபேசி உதவியைத் தொடங்கியது. 14416 என்ற எண்ணில் தமிழிலும் பேசலாம். கட்டணம் இல்லை. இரவு, பகல் எந்த நேரமும் பேசலாம். உயிரை மாய்த்துக் கொள்ளும் பேச்சு வந்தால், நோயாளியைத் தனியே விடாமல் உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும்.

நோயாளி "ஏதோ இருக்கிறேன்" என்று சொன்னால், அத்தோடு எழுந்து போய் விடக் கூடாது. பக்கத்தில் உட்கார்ந்து, "ஏதோ என்றால் என்ன?" என்று இன்னொரு முறை கேட்க வேண்டும்.