பூவுக்கு விஷம்! பிஞ்சுக்கு டானிக்கா?



தர்பூசணிக் கொடியில் பூ கொட்டிக் கிடக்கிறது. பிஞ்சு மட்டும் நிற்க மாட்டேங்குது. நின்ற காயும் ஒரு பக்கம் கோணிப்போகிறது. வியாபாரி பாதி விலைக்குக் கேட்கிறார். மருந்துக் கடைக்குப் போனால் பிஞ்சு நிற்க டானிக் கொடுக்கிறார்கள். போன வாரம் பூ எடுத்த கொடிக்குப் பூச்சி மருந்து கொடுத்ததும் அதே கடைதான்!

செஞ்சி கமிட்டிக்குப் போகும் நெல்லுக்கும் மல்லாட்டைக்கும் தேனீ தேவையில்லை. தன் பூவிலேயே மகரந்தம் சேர்த்துக்கொள்ளும். தர்பூசணி, பூசணி, பாகல் அப்படியல்ல. ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. மகரந்தம் பிசுபிசுப்பானது, காற்றில் பறக்காது, தேனீதான் சுமந்து வரணும். தர்பூசணியின் பெண் பூ காலையில் திறந்தால் மத்தியானத்துக்கு மேல் மூடிக்கொள்ளும். அதற்குள் தேனீ பல தடவை வந்துபோனால்தான் காய் சீராகத் திரளும். மருந்தடிக்கக் கூலி ஆள் கிடைப்பதும் அதே காலை வேளையில்தான். பொழுது சாய்ந்து அடித்தால் தேனீக்குச் சேதம் குறையும் என்று எந்தக் கடைக்காரர் நமக்குச் சொன்னார்?

எப்போது அடித்தாலும் விடாத மருந்தும் உண்டு. இமிடாகுளோபிரிட், தயாமீத்தாக்சம் இரண்டும் செடிக்குள் ஏறி மகரந்தத்துக்கும் பூந்தேனுக்கும் போய்விடும். ஐரோப்பிய ஒன்றியம் 2018-ல் இவற்றைத் திறந்தவெளி வயலில் தடை செய்தது, தேனீக்கு ஆபத்து என்று. இங்கே தாராள விற்பனை!

டப்பாவில் முக்கோணம் இருக்கிறதே என்பீர்கள். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை எல்லாம் மனிதர் உடம்புக்கு எவ்வளவு விஷம் என்று காட்டத்தான். பச்சை என்றால் தேனீக்கு ஒன்றும் ஆகாது என்று அர்த்தமில்லை. கூட வரும் சீட்டைப் படிக்கப் பூதக்கண்ணாடி வேணும்.

"விவசாயி கண்டபடி மருந்தடிக்கிறான்" என்று மேடையில் பேசுகிறவர்களைக் கேட்கிறோம்: இந்த மருந்துக்கு அனுமதி கொடுத்தது நாமா? 2020-ல் தேனீ வளர்ப்புக்கு 500 கோடி ரூபாய் என்று மத்திய அரசு அறிவித்தது. செஞ்சி வட்டத்துச் சிறு விவசாயிக்கு அதில் எத்தனை பெட்டி வந்தது? ஊர்வாரியாகக் கணக்கு வையுங்கள்!

தேனீயைக் கொல்லும் மருந்து என்று டப்பா முகப்பிலேயே பெரிய தமிழ் எழுத்தில் போடு! பூ எடுத்த பயிருக்கு அடிக்கச் சொல்லி விற்கும் கடையின் லைசென்சை ரத்து செய்! சிறு விவசாயிக்குத் தேனீப் பெட்டியை இலவசமாகக் கொடு!

அடுத்த குறைதீர் கூட்டத்துக்கு விழுப்புரம் கலெக்டர் ஆபீசுக்குப் போகிறோம். வரப்பில் கிடக்கும் காலி மருந்து டப்பாவை லேபிள் கிழியாமல், வெறுங்கையால் தொடாமல், கோணிப்பையில் கட்டி எடுத்து வாங்க. அதிகாரிகள் மேசையில் வைத்துப் படிக்கச் சொல்வோம்.