கதவைச் சாத்திப் பார்த்த பிறகே கம்பெனி மாறுவோம்!

பிழைக்க ஊரை விட்டு வந்த நமக்குச் செல்போன் ஆடம்பரமா? இல்லை! ஊரிலிருக்கும் தாயின் குரலும், நாளைய வேலைக்கு மேஸ்திரி விடும் அழைப்பும், வங்கி அனுப்பும் ஓ.டி.பி.யும் அதன் வழியாகத்தான் நம் வீட்டுக்குள் வருகின்றன.

சென்ற மழைக்காலத்தில் தாராவியில் நம் சங்கக் குடும்பம் ஒன்று, தெருமுனையில் குடை விரித்து சிம் விற்றவரின் பேச்சை நம்பிக் கம்பெனி மாறியது. குடையடியில் டவர் முழுதாக இருந்தது. வீட்டுக்குள் அடியோடு இல்லை. ஊரில் தகப்பனார் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்ட இரவு, உறவினர் மாற்றி மாற்றி அழைத்தும் செய்தி எட்டவில்லை. விடிந்து, தண்ணீர் பிடிக்கச் சந்துக்கு வந்தபோதுதான் தெரிந்தது. உடனே பழைய கம்பெனிக்குத் திரும்பலாம் என்றால், 90 நாள் பொறுக்க வேண்டும் என்கிறது விதி!

எண்ணை மாற்றாமல் கம்பெனி மாறும் உரிமை 2011 ஜனவரி 20 முதல் நாடெங்கும் நமக்கு உண்டு. 2015 ஜூலை 3 முதல், தமிழ்நாட்டு எண்ணையும் மும்பையில் இருந்தபடியே மாற்றிக்கொள்ளலாம். 2024 ஜூலையில் தனியார் கம்பெனிகள் கட்டணத்தை உயர்த்தியபோது பலர் கொதித்துப்போய் மாறினார்கள். கோபம் நியாயமானது. ஆனால் அவசரத்தின் நட்டம் கம்பெனிக்கல்ல, நமக்கே!

டவர் எட்டும் இடங்களைக் கம்பெனிகள் தங்கள் இணையதளத்தில் வரைபடமாகக் காட்ட வேண்டும் என்று டிராய் ஆணையம் 2024-இல் விதி செய்தது. அதைப் பாருங்கள், அதோடு நின்றுவிடாதீர்கள். நம் தகரக் கூரை அலையைத் திருப்பி அடிப்பதும், கான்கிரீட் சுவர் அதை விழுங்குவதும் வரைபடத்தில் தெரியாது.

எனவே, அந்தக் கம்பெனி சிம் வைத்திருக்கும் பக்கத்து வீட்டாரை ஒருநாள் இரவு அழையுங்கள். எல்லோரும் வேலை முடிந்து வந்து, எல்லாப் போன்களும் ஓடும் நேரம் அது. கதவைச் சாத்துங்கள். போனை வழக்கமாக வைக்கும் மூலையில் வைத்து, வெளியிலிருந்து அழைத்துப் பாருங்கள். மாடி அறையிலும் பாருங்கள். ஊருக்குப் போகிறவரிடம் சொல்லி, நம் ஊர் வீட்டிலும் பார்க்கச் சொல்லுங்கள். மனம் நிறைந்த பிறகே 1900-க்கு 'போர்ட்' செய்தி அனுப்புங்கள். அதற்கு வரும் குறியீடு இங்கே 4 நாள்தான் செல்லும்.

ஒரு வீடு பார்த்தால் ஒரு வீட்டுக்கு நன்மை. எல்லா வீடும் பார்த்து, எந்தச் சந்தில் எந்தக் கம்பெனிக்கு டவர் இல்லை என்று சங்கத்தில் எழுதி வைத்தால்? அந்தப் பட்டியலோடு கம்பெனி வாசலில் நாம் கூட்டமாக நிற்கலாம். ரீசார்ஜ் பணம் வாங்கும்போது நாம் வாடிக்கையாளர். டவர் கேட்கும்போது மட்டும் வெறும் குடிசைக்காரரா? சேர்ந்தே கேட்போம்!